பல்லாண்டு எழுதும் பேனா
ஊற்றுப்பேனாவைத் தேர்ந்தெடுக்கும் முறை

பணி ஓய்வு பெறுவோர்க்கும், முதல் வேலையில் சேர்வோர்க்கும், பட்டம் பெறும் பிள்ளைகளுக்கும் ஊற்றுப்பேனா பரிசளிக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அவ்வாறு பெறப்படும் பேனாக்களுள் பல, தம் பெட்டியோடு அலமாரிக்குள் சென்று, எழுதப்படாமலே முதுமை அடைகின்றன. வாங்கும்போது நாம் முதலில் பார்ப்பது விலை; அடுத்துப் பார்ப்பது பெயர்; பின்னர் பளபளப்பு. அந்தப் பேனா எவ்வாறு மை ஏற்கும், எப்பொருளால் ஆனது, எவ்வளவு கருத்தோடு செய்யப்பட்டது என்னும் கேள்விகள் கடையில் எழுவதேயில்லை.

இம்மூன்று கேள்விகளுக்கும் பின்னால் ஒரே கேள்விதான் நிற்கிறது: பத்தாண்டுகள் கழித்து இந்தப் பேனா பழுதுபட்டால், இதனைத் திறந்து, தூய்மை செய்து, மீண்டும் எழுதவைக்க முடியுமா? முடியும் என்றால் சில நூறு ரூபாய்ப் பேனாவும் நல்ல முதலீடே. முடியாதென்றால் பல்லாயிரம் ரூபாய்ப் பேனாவும் வெறும் செலவே. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பேனாவின் ஒவ்வொரு பகுதியையும் நோக்குவோம்.

மை எவ்வாறு இறங்குகிறது?

ஊற்றுப்பேனாவில் மை தானாகச் சொட்டுவதில்லை. நிப்பின் நடுவே ஓடும் நுண்ணிய பிளவும், நிப்பின் அடியில் பொருந்தியிருக்கும் நாக்கின் கீறல்களும் மையை மெல்ல இழுத்துத் தாளுக்குக் கொண்டுவருகின்றன. விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. ஆனால் வெளியேறும் மையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். காற்று செல்லாவிடில் எழுத்து நின்றுவிடும். மிகுதியாகச் சென்றால் மை கொட்டிவிடும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்துவதே நாக்கின் பணி. நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற நாக்கு, இந்த ஒழுங்கை நம்பத்தகுந்ததாக ஆக்கியது. அதற்குப் பின்னரே ஊற்றுப்பேனா அலுவலகங்களில் நிலைபெற்றது.

எனவே, மை கசிகிறது, எழுத்து விட்டுவிட்டு வருகிறது என்னும் குறைகளில் பெரும்பாலானவை நாக்கில் அடைந்த மைக்கசடு, நிப்பின் பொருத்தம், காற்றின் வழி ஆகிய மூன்றில் ஒன்றைச் சேர்ந்தவை. நிப்பையும் நாக்கையும் கழற்ற முடிந்த பேனாவில் இவற்றை வீட்டிலேயே சீர்செய்யலாம்.

நிரப்பும் முறைகள் நான்கு

மை நிரப்பும் முறைகளுள் மிகப் பழையதும் எளியதும் ஃபில்லர் கொண்டு நேரே ஊற்றுவது. பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றி, உடற்பகுதியில் மையைச் சொட்டுச்சொட்டாக விட்டு, மீண்டும் மூடிவிட வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த வாசகர் பலர் பள்ளியில் பழகியது இந்தப் பேனாவைத்தான். பேனாவின் உடலே மைக்கூடாக இருப்பதால் 2 முதல் 4 மில்லி லிட்டர் வரை மை கொள்ளும். உள்ளே ரப்பர்ப் பையோ உலோகக் கம்பியோ இல்லாமையால் கெடுவதற்கு எதுவும் இல்லை. இதன் குறை ஒன்றே. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே குறையும்போது, உள்ளிருக்கும் காற்று கைச்சூட்டால் விரிந்து மையை வெளியே தள்ளக்கூடும். அந்நிலை வருமுன் மீண்டும் நிரப்பிவிடுவதே இதற்கு மருந்து. கழுத்தின் மரையில் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் அங்குக் கசிவு இராது. ஜப்பானியக் கைவினைஞர்கள், மை செல்லும் வழியை ஒரு கம்பியால் அடைத்துத் திறக்கும் ஏற்பாட்டினைச் செய்து இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினர்.

இரண்டாவது, ரப்பர்ப் பை முறை. உடலின் பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை உயர்த்தினால் உள்ளிருக்கும் பை அமுங்கும். விட்டால் விரிந்து மையை உறிஞ்சும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நகைக்கடை நடத்திய வால்டர் ஷேஃபர் 1908ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைக்கும் பழைய வெளிநாட்டுப் பேனாக்களுள் பல இவ்வகையினவே. ரப்பர்ப் பை காலப்போக்கில் இறுகிப் பொடிந்துபோகும். அது பேனாவின் முடிவன்று. பையை மட்டும் மாற்றினால் மீண்டும் எழுதும். அந்தப் பணி அறிந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சிரமம்.

மூன்றாவது, பிஸ்டன் முறை. பேனாவின் வாலைத் திருகினால் உள்ளிருக்கும் அடைப்பான் மேலும் கீழும் நகர்ந்து மையை உறிஞ்சும். ஜெர்மனியின் பெலிக்கான் நிறுவனம் 1929இல் இம்முறையைப் பேனாவில் கொண்டுவந்து புகழ்பெற்றது. ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லி லிட்டர் மை கொள்ளும். நிரப்புவது எளிது, கை கறைபடாது. ஆனால் அடைப்பான் தேய்ந்தாலோ இறுகினாலோ, பல பேனாக்களில் அதைப் பயனர் தாமே கழற்ற இயலாது. ஆகவே பிஸ்டன் பேனா வாங்குவோர், அந்நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நம் நாட்டில் கிடைக்கிறதா என்பதை விலையைக் கேட்குமுன் கேட்க வேண்டும்.

நான்காவது, கார்ட்ரிட்ஜும் கன்வெர்ட்டரும். மை அடைத்த சிறு குப்பியைச் செருகி எழுதுவது கார்ட்ரிட்ஜ். குட்டையான பொதுவகைக் கார்ட்ரிட்ஜ் 1 மில்லி லிட்டருக்கும் குறைவாகவே மை கொள்ளும். அதே இடத்தில் செருகி, மைக்கூட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் சிறு குழலே கன்வெர்ட்டர். கொள்ளளவு குறைவாயினும், கழுவுவதும் மாற்றுவதும் மிக எளிது. ஒன்று கெட்டால் சிறு தொகையில் மற்றொன்று வாங்கலாம். ஆனால் சில நிறுவனங்கள் தம் பேனாவுக்குத் தம் கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்துமாறு செய்கின்றன. பொதுவகை பொருந்துமா என்று கேட்டறிவது நலம். இன்று இந்தியப் பட்டறைகள் சிலவற்றில் கார்ட்ரிட்ஜ், கன்வெர்ட்டர், ஃபில்லர் ஆகிய மூன்றினாலும் நிரப்பத்தக்க பேனாக்கள் செய்யப்படுகின்றன. முதன்முறை வாங்குவோர்க்கு இது நல்ல தொடக்கம்.

எதனால் ஆன பேனா?

இந்தியக் கைவினைப் பேனாக்களின் தாய்ப்பொருள் எபொனைட். இயற்கை ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் வெப்பப்படுத்தினால் கிடைக்கும் கடின ரப்பர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. வெப்பத்தை எளிதில் கடத்தாததால் கைச்சூடு உள்ளிருக்கும் மைக்கு விரைவில் எட்டாது. மேலே சொன்ன ஃபில்லர்ப் பேனாவின் குறை எபொனைட் உடலில் தணிந்திருப்பதன் காரணம் இதுவே. கையில் பிடிப்பதற்கும் இதமானது. எபொனைட்டால் ஆன நாக்கில் மை நன்கு பரவி நிற்பதால் எழுத்து தடையின்றி வரும். வெயிலும் ஈரமும் பட்டால் கருநிறம் மங்கிப் பழுப்பாகும். புதிதாக இருக்கையில் மெல்லிய கந்தக மணம் வீசும். வெந்நீரில் கழுவினாலும் நிறம் கெடும். ஆகவே குளிர்ந்த நீரே போதும்.

1924இல் ஷேஃபர் நிறுவனம் செல்லுலாய்டை அறிமுகம் செய்தபோது பேனாவுக்கு வண்ணம் வந்தது. முத்துச்சிப்பி போன்ற அதன் ஆழ்ந்த ஒளியை விரும்புவோர் இன்றும் உண்டு. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். செய்வதற்கும் நாள் பிடிக்கும். இக்காலத்தில் வண்ணப் பேனாக்களுக்கு அக்ரிலிக் பெரிதும் பயன்படுகிறது. நிறம் மங்காது, நீரால் கெடாது; கல்தரையில் விழுந்தால் மட்டும் விரிசல் காணக்கூடும். பித்தளை, எஃகு முதலிய உலோகப் பேனாக்கள் உறுதியானவை; ஆனால் கனமானவை. பக்கக்கணக்கில் எழுதுவோர் கையில் கனம் சோர்வைத் தரும். உலோக உடலுக்குள் மையை நேரே ஊற்றுவதும் தகாது. மை உலோகத்தை அரிக்கும்.

நிப்பைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். தங்க நிப்பு வைத்த பேனாவே நன்றாக எழுதும் என்பது பலரது எண்ணம். 14 கேரட் நிப்பில் சுமார் 58.5 விழுக்காடும், 18 கேரட்டில் 75 விழுக்காடும் தங்கம் உண்டு. மை தங்கத்தை அரிக்காது என்பதே அதன் தலையாய சிறப்பு. ஆனால் தாளைத் தொடுவது தங்கமன்று. நிப்பின் நுனியில் பற்றவைக்கப்பட்டுள்ள, கடினமான வேறோர் உலோகக் கலவையின் சிறு மணியே தாளைத் தொடுகிறது. எஃகு நிப்பிலும் அதே போன்ற மணி உண்டு. இன்றைய எஃகும் அரிப்பை நன்கு தாங்குகிறது. ஆகவே நன்கு தீட்டப்பட்ட எஃகு நிப்பு, தீட்டப்படாத தங்க நிப்பைவிடச் சிறப்பாக எழுதும். கூடுதல் விலையின் பெரும்பகுதி தங்கத்துக்கே போகிறது என்பதை அறிந்து வாங்குவோர் ஏமாற்றம் அடையார்.

நிப்பின் பருமனும் கருதத்தக்கது. தமிழில் எழுதுவோர்க்கு இது இன்னும் முக்கியம். ண, ஞ, ழ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகள், பருத்த நிப்பில் சுழி அடைபட்டுக் கறைபோல் ஆகிவிடும். சிறிய எழுத்தாக எழுதுவோர்க்கு நுண்ணிய நிப்பும், சற்றுப் பெரிதாக எழுதுவோர்க்கு நடுத்தர நிப்பும் ஏற்றவை. மலிவான நோட்டுத்தாளில் மை பரவும் என்பதாலும் நுண்ணிய நிப்பே நம் பயன்பாட்டுக்குப் பொருந்தும்.

எவர் கையால் ஆனது?

ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் உள்ள ராஜமகேந்திரவரத்தில், கே. வி. ரத்னம் 1932ஆம் ஆண்டு பேனாப் பட்டறையைத் தொடங்கினார். சுதேசிப் பொருள்களை நாடு தேடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் செய்த பேனா ஒன்று, தஞ்சையில் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா வாயிலாகக் காந்தியடிகளிடம் சேர்ந்தது. குமரப்பா அப்போது அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். பேனாவைப் பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள், கடைத்தெருவில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்னும் கருத்துப்பட 1935இல் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். வங்கத்தில் 1934ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுலேகா மையும் அதே சுதேசி உணர்வில் பிறந்ததே.

ராஜமகேந்திரவரத்தில் இன்றும் பேனா கடையப்படுகிறது. ஐதராபாத்திலும், சென்னையிலும், அதனை அடுத்த திருவள்ளூரிலும் கைவினை எபொனைட் பேனாக்கள் கிடைக்கின்றன. நிப்புத் தொழிலில் நம் தென்மாவட்டத்துச் சாத்தூருக்கும் பெயருண்டு. பள்ளிகள் பந்துமுனைப் பேனாவுக்கு மாறியபோது இத்தொழில்கள் நலிந்தன. எஞ்சியிருக்கும் பட்டறைகள், பேனாவை விரும்பி வாங்குவோரை நம்பியே நடக்கின்றன.

ஒரு கைவினைப் பேனா உருவாகும் வழியை அறிந்தால் அதன் தரத்தை அளக்கவும் தெரியும். எபொனைட் உருளையைத் தேவையான நீளத்துக்கு அறுத்து, கடைசல் எந்திரத்தில் பொருத்தி, உட்புறத்தைத் துளைத்து, வெளிப்புறத்தைக் கடைந்து வடிவம் தருவர். பின்னர் உடல், கழுத்து, மூடி ஆகியவற்றுக்கு மரை வெட்டுவர். உப்புத்தாளால் தேய்த்து, இறுதியில் மெருகேற்றுவர். இவற்றுள் கைத்திறன் வெளிப்படும் இடம் மெருகன்று, மரையே. மரை சற்றே தளர்ந்தால் மை கசியும். இறுகினால் விரிசல் விழும்.

ஆகவே கடையில் பேனாவைக் கையில் வாங்கியதும் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கலாம். மூடியைத் திருகிப் பாருங்கள். உராயாமல் சுழன்று, இறுதியில் ஆட்டமின்றி நிற்க வேண்டும். நிப்பை நேராக நோக்குங்கள். பிளவின் இருபுறமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நாக்கு நட்டநடுவில் பொருந்தியிருக்க வேண்டும். மையில் தோய்த்து எட்டு என்னும் எண் வடிவில் இடைவிடாது எழுதுங்கள். எல்லாத் திசையிலும் கோடு ஒரே சீராக வர வேண்டும், தாளைக் கீறக் கூடாது. மூடியைப் பின்புறம் செருகியும் செருகாமலும் எழுதிப் பார்த்து, எது கைக்கு இசைகிறது என்று அறியுங்கள். இறுதியாக விற்பவரிடம் கேளுங்கள்: நிப்பைத் தனியே மாற்ற முடியுமா? பழுதுபட்டால் பார்ப்பவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் தெளிவான விடை தரும் கடையே நல்ல கடை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு சோதனை உண்டு. மை நிரப்பி, மூடியிட்டு, மூன்று நாள் எழுதாமல் வையுங்கள். நான்காம் நாள் முதல் தொடுகையிலேயே எழுதினால், மூடி காற்றுப் புகாமல் அமைந்துள்ளது என்று பொருள்.

மையும் காசோலையும்

பேனாவைத் தேர்ந்தவர் மையில் தவறக் கூடாது. மாணவர்க்கான நீல மைகளுள் பல, துணியில் பட்டால் போகவேண்டும் என்பதற்காகவே நீரில் கரையுமாறு செய்யப்படுபவை. காசோலைக்கும், நெடுங்காலம் காக்க வேண்டிய ஆவணத்துக்கும் அவை ஏற்றவையல்ல. அவற்றுக்கு நீரில் அழியாத மை வேண்டும். இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புப்பொருளும் சேர்ந்த பழைய வகை மை, தாளில் பட்டபின் காற்றோடு கலந்து கருத்து நிலைபெறும். நுண்துகள் கலந்த இக்கால மைகளும் நிலையானவை. இவ்விரு வகைகளையும் பேனாவில் உலரவிடக் கூடாது. அடிக்கடி கழுவ வேண்டும். ஓவியத்துக்கான அரக்கு கலந்த கரிமையை ஊற்றுப்பேனாவில் ஒருபோதும் ஊற்றலாகாது.

காசோலையை இன்ன நிறத்தில்தான் எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை. கறுப்பு மைக்குத் தடை என்று பரவிய செய்தி உண்மையன்று. ஆனால் இன்று காசோலைகள் படமாக மாற்றப்பட்டே வங்கிகளிடையே செல்கின்றன. எனவே படத்தில் தெளிவாகத் தெரியும் அடர்ந்த நிறமும், நிலைத்த மையும் கொண்டு எழுதுவதே முறை. எழுதியதில் பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்தாமல் புதிய இதழை எடுத்துக்கொள்ள வேண்டும். கையொப்பம் முன்னர்ப் பதிவு செய்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டியதால், சுழிகளை மூழ்கடிக்கும் பருத்த நிப்பை இங்கும் தவிர்ப்பது நன்று.

யாருக்கு எது?

நாள்தோறும் பல பக்கம் எழுதுவோர்க்கு எபொனைட்டால் ஆன ஃபில்லர்ப் பேனா நிகரற்றது. ஒருமுறை நிரப்பினால் பல நாள் வரும். அடிக்கடி விமானப் பயணம் மேற்கொள்வோர்க்குக் கன்வெர்ட்டர்ப் பேனா பாதுகாப்பு. எவ்வகைப் பேனாவாயினும் பயணத்தில் முழுதும் நிரப்பியோ முற்றிலும் காலியாக்கியோ, நிப்பு மேல்நோக்கி இருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும். கையொப்பத்துக்கு மட்டும் பயன்படுத்துவோர்க்கு, மூடி நன்கு அமைந்த எளிய கன்வெர்ட்டர்ப் பேனா போதும். மாணவர்க்கு, நிப்பைக் கழற்றி மாற்றத்தக்க விலை குறைந்த பேனாவே சிறந்தது. அதைக் கழற்றி, கழுவி, பூட்டக் கற்பதும் கல்வியே.

பரிசளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். பேனாவோடு ஒரு மைப்புட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். கூடுமாயின் மை நிரப்பி, ஒரு வரி எழுதிப் பார்த்தே கொடுங்கள். எழுதத் தொடங்கிய பேனா பெரும்பாலும் அலமாரிக்குப் போவதில்லை.